நேசமணி மறைந்தார், ஆணி நிலைத்தது

மீம்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் இன்று ஒரு சடங்கு நிலைபெற்றுவிட்டது. முதல் பத்தியில் ரிச்சர்ட் டாக்கின்ஸ், 1976; இரண்டாம் பத்தியில் ‘வைரல்’ என்னும் சொல்; அதன்பின் பகிர்வுகளின் எண்ணிக்கை, வரைபடம், முடிவுரை. எத்தனை பேர் பகிர்ந்தனர் என்று கணக்கிட்டுவிட்டால், ஒரு மீம் ஏன் பிழைத்தது என்பதும் விளங்கிவிட்டதாகக் கொள்ளப்படுகிறது. இது பிழை. வேகமாகப் பரவும் பண்பும் நெடுநாள் நிலைக்கும் பண்பும் ஒன்றல்ல. பல வேளைகளில் அவை ஒன்றுக்கொன்று பகை.

சான்றுக்கு ஒரே திரைப்படம் போதும். சித்திக் இயக்கத்தில் 2001-இல் வெளிவந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’. 2019 மே மாத இறுதியில் ஒரு முகநூல் பக்கம் சுத்தியலின் படத்தை வெளியிட்டு, இதற்கு உங்கள் நாட்டில் என்ன பெயர் என்று கேட்டது. தமிழர் ஒருவர், அப்படத்தில் வடிவேலு நடித்த காண்ட்ராக்டர் நேசமணியின் தலையில் சுத்தியல் விழுந்த கதையை மெய்ச்செய்திபோல் எழுதினார். நேசமணிக்காகப் பிரார்த்திக்கக் கோரும் ஹேஷ்டேக், பிரதமர் இரண்டாம் முறை பதவியேற்ற அந்த நாள்களிலேயே உலக அளவில் முன்னணிக்கு வந்தது. இன்று அது ஒரு நினைவு மட்டுமே. ஆண்டு நிறைவுக்கு எவரேனும் எடுத்துப் பகிர்வதோடு சரி.

அதே படத்தில், அதே நேசமணி, சுவரில் ஆணி பிடுங்குபவரைக் கடிந்துகொள்ளும் காட்சி ஒன்றுண்டு. அதிலிருந்து கிளைத்த ‘தேவையில்லாத ஆணி’ இப்படி ஒருநாளும் ஆர்ப்பரித்ததில்லை. ஆனால் இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டுகளில் தமிழ் வலைப்பதிவர்களிடையே, குறிப்பாக மென்பொருள் அலுவலகங்களில் இருந்தவர்களிடையே, ‘ஆணி’ என்பது அலுவலக வேலையைக் குறிக்கும் சொல்லாயிற்று. ‘ஆணி அதிகம்’ என்றால் பதிவு எழுத நேரமில்லை என்று பொருள். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதை உரைகாரர்கள் குழூஉக்குறிக்கு எடுத்துக்காட்டுவர், இதுவும் அவ்வகையே. பின்னர் குழுவின் வேலியைத் தாண்டி, பயனற்ற பொருள், பயனற்ற மனிதர், பயனற்ற கூட்டம் என எதற்கும் அச்சொல் பொருந்தலாயிற்று. இன்று அதை ஆள்வோர் பலர் அப்படத்தைப் பார்த்திருக்க வேண்டிய தேவையே இல்லை. தோற்றத்தை மறந்த பின்னும் பொருள் தருவதையே மொழியியல் சொல்லாக்கம் என்கிறது.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு? நேசமணி ஒரு நிகழ்வு. கலந்துகொள்பவரிடம் அது கேட்டது திரும்பச் சொல்வதை மட்டுமே. அதனால்தான் ஒரே நாளில் அத்தனை பேர் சேர முடிந்தது. எல்லோரும் சொல்லி முடித்ததும் சொல்ல ஏதும் மிஞ்சவில்லை. ஆணியோ ஒரு சட்டகம். எது தேவையில்லாத ஆணி என்பதைப் பேசுபவரே நிரப்ப வேண்டும். ‘தலைநகரம்’ (2006) தந்த ‘நானும் ரௌடிதான்’ என்னும் தொடரையும் பாருங்கள். எச்சப் பொருளில் வரும் உம்மை, தன்னையும் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளக் கெஞ்சுகிறது. தேற்றப் பொருளில் வரும் ‘தான்’, எவரும் சேர்க்கவில்லை என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. இந்த முரண் இலக்கணத்திலேயே இருப்பதால், ரௌடியை எடுத்துவிட்டு எழுத்தாளர், அறிஞர், போராளி என எதை வைத்தாலும் தொடர் கலைவதில்லை. 2015-இல் அது இன்னொரு படத்துக்கே தலைப்பாயிற்று.

இந்தியிலும் இதே நிலைதான். 2020 ஆகஸ்டில் ‘பினோத்’ என்னும் வெறும் பெயர் யூடியூப் பின்னூட்டங்களையெல்லாம் நிரப்பியது. பேடிஎம் நிறுவனம் தன் ட்விட்டர் பெயரையே அவ்வாறு மாற்றிக்கொண்டது. நிறுவனங்கள் வந்து சேரும் வேளையே பெரும்பாலும் சாவு வேளை. ‘ஹேரா பேரி’யின் (2000) பாபுராவ் இன்னும் ஓய்வு பெறவில்லை. (அப்படத்தின் மூலமான ‘ராம்ஜிராவ் ஸ்பீக்கிங்’ சித்திக்–லால் இணையின் மலையாளப் படம், ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தின் மூலமும் சித்திக்கின் மலையாளப் படமே. இந்திய மீம் கிடங்கில் கேரளத்தின் பங்கு தனி ஆய்வுக்கு உரியது.)

ஆக, டாக்கின்ஸ் முன்வைத்த ஆயுள், பெருக்கம், பிரதித் துல்லியம் என்னும் மூன்றில் கடைசி இரண்டும் மீம் விஷயத்தில் முதலாவதற்கு உதவுவதில்லை. மனித மனம் பிரதி எடுப்பதில்லை, உருமாற்றுகிறது என்று டான் ஸ்பெர்பர் 1996-இலேயே வாதிட்டுவிட்டார். மாறாமல் பரவும் வைரலும் மாறிமாறிப் பெருகும் மீமும் வேறு என்று லிமோர் ஷிஃப்மன் 2014-இல் வரையறுத்தார். இவர்களை மேற்கோள் காட்டிவிட்டு மறுபக்கத்தில் மீண்டும் பகிர்வுகளை எண்ணுவதை என்னென்பது?

ஒரு மறுப்புக்கு விடை சொல்லியாக வேண்டும். ஆதித்யாவும் சிரிப்பொலியும் நாள்தோறும் ஒளிபரப்புவதால்தான் வடிவேலு நிலைக்கிறார், இலக்கணத்தால் அல்ல என்பர். ஒளிபரப்பு உதவியது உண்மை. ஆனால் அதே அலைவரிசைகளில் அதே அளவு சுழன்ற எத்தனையோ காட்சிகள் சிரிப்பை மட்டும் தந்துவிட்டு ஒரு சொல்லையும் விட்டுச்செல்லவில்லை. எஞ்சியவை பெரும்பாலும் அடிவாங்குபவரின் சொற்கள். மேலதிகாரி முன் வாய்திறக்க இயலாதவர் தன் உழைப்பை ‘ஆணி’ என்கிறார். அந்த அலுவலகம் மாறாதவரை அந்தச் சொல்லுக்கும் வேலை இருக்கும். இதை எந்த வரைபடம் காட்டும்?

காட்டக்கூடியது ஆவணம் ஒன்றே. அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் மீம்களை விளக்கும் தளங்கள் உள்ளிட்ட இணையப் பண்பாட்டுத் தளங்களை 2014-இலேயே சேகரிக்கத் தொடங்கிவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆர்க்குட் மூடப்பட்டது. 2020 ஜூன் 29 அன்று தடைசெய்யப்பட்ட 59 செயலிகளுள் டிக்டாக்கும் ஒன்று. இந்திய மொழிகளின் மீம்கள் இப்போது பெரிதும் உலவும் வாட்ஸ்அப் குழுக்களின் உள்ளே வெளியிலிருந்து எவரும் எட்டிப்பார்க்க இயலாது. கல்வெட்டுக்கு மைப்படி எடுக்கத் தெரிந்த துறைகள், இந்தக் காலத்துப் பேச்சு கண்ணெதிரே அழியும்போது ‘இதெல்லாம் ஆய்வுப் பொருளா?’ என்று மாணவரைத் திருப்பி அனுப்புகின்றன. அனுப்பாத துறைகள் எண்ணச் சொல்கின்றன. நாளை அகராதி தொகுப்பவர் ஒருவர் வந்து, வேலை என்னும் பொருளில் ‘ஆணி’ முதன்முதலில் எழுதப்பட்ட இடம் எது என்று கேட்டால், எடுத்துக் காட்ட எந்தத் துறையிடம் என்ன இருக்கிறது?