கண் பார்த்தது, கை தடுத்ததா?

கம்பந்தோறும் காமிரா, சந்திதோறும் காமிரா! "இனி பயங்கரவாதி வாலாட்ட முடியாது" என்று மார்தட்டுகின்றனர் ஆளவந்தார்கள், நாட்டுக்கு நாடு. கண்கள் பெருகின; கவலை தீர்ந்ததா? காமிராக்கள் மலிந்த இலண்டன் மாநகர் பதில் சொல்லட்டும்!

2005 ஜூலை 7. மூட்டையை முதுகிலே சுமந்து நால்வர், லூட்டன் இரயில் நிலையத்திலே நுழைகின்றனர். காமிரா பார்க்கிறது, படமும் பிடிக்கிறது. பிறகு? இலண்டன் சுரங்க இரயில்களிலே மூன்று குண்டுகள், பேருந்திலே ஒன்று! 52 பேர் பிணமாயினர். படம் மிஞ்சிற்று, மாண்டவர் மீண்டனரா? மூட்டைக்குள் இருப்பதையும் மூளைக்குள் இருப்பதையும் கண்ணாடி வில்லை எப்படி அறியும்? சாகத் துணிந்தவன் படத்துக்கா அஞ்சுவான்?

அப்படியானால் காமிராவே வீணா என்பீர்கள். வீணல்ல! அதே மாதம் 21-ஆம் நாள், இலண்டனில் மீண்டும் குண்டு வைத்தனர். அவை சரிவர வெடிக்கவில்லை. காமிராப் படங்கள் ஊரெங்கும் காட்டப்பட்டன. ஓடியவர்கள் சில நாட்களிலே பிடிபட்டனர். ஓடுகிறவனைப் பிடிக்க உதவும் கருவி அது. வருகிறவனைத் தடுக்கும் கோட்டைச் சுவர் என்பதுதான் பொய்!

1999 ஏப்ரலில் நடந்ததையும் எண்ணிப் பாருங்கள். பிரிக்ஸ்டனில் ஆணிக்குண்டு வைத்தவனின் படத்தைக் காவல்துறை வெளியிட்டது. உடன் வேலை பார்த்தவர் ஒருவர் அடையாளம் கண்டு சொன்னார். எனினும், அன்று மாலையே சோகோவில் குண்டு வெடித்தது, மூவர் மாண்டனர். விடிவதற்குள் கொலைகாரன் சிக்கினான். நாலாவது குண்டுக்கு வழியில்லாமற் போயிற்று. படம் தந்தது பொறி. பெயர் சொன்னது மனிதன்!

அந்த மனிதன் வாய் திறக்க வேண்டுமானால், சர்க்காரிடம் அவனுக்கு நம்பிக்கை வேண்டும். பர்மிங்காம் நகரிலே என்ன செய்தனர்? முஸ்லிம்கள் மிகுந்து வாழும் பகுதிகளைச் சுற்றி, பயங்கரவாதத் தடுப்புப் பணத்திலே 200-க்கு மேற்பட்ட காமிராக்கள், சில மறைவாகவே! மக்களிடமோ, சாதாரணக் குற்றத் தடுப்பு என்று பேச்சு. 2010-இல் குட்டு வெளிப்பட்டது, மக்கள் கொதித்தனர், மறு ஆண்டு காமிராக்கள் கழற்றப்பட்டன. கம்பத்தைப் பிடுங்கலாம், புண்பட்ட நெஞ்சிலே பாய்ந்த முள்ளைப் பிடுங்க முடியுமா?

ஊரையே சந்தேகித்தால், ஊர் உளவு சொல்லுமா? காமிரா வையுங்கள், எங்கே, எதற்கு, யார் பார்ப்பது என்பதை மன்றத்திலே சொல்லி வையுங்கள். கம்பத்திலே ஆயிரம் கண் திறந்தாலும், மக்கள் வாய் மூடிக்கொண்டால் நாடு குருடுதான்!