மின்சாரத் தொழிலும் நமது வாலிபரும்

ஆலைகள் பெருகுவதால் மட்டும் ஒரு தேசம் சுயபலம் அடைந்துவிடாது. அவ்வாலைகளின் யந்திரங்களை அறிந்து இயக்கவும், பழுது பார்க்கவும், அபாயத்தை முன்கூட்டியே தடுக்கவும் வல்ல தொழிலாளர் அந்தந்த ஊரிலேயே உண்டாக வேண்டும். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய இரு நகரங்களுக்கும் இது முக்கியமான விஷயமாகும்.

1936-ல் ஸ்ரீ பி.ஏ.சி. இராமசாமி ராஜா அவர்கள் நூற்பாலைக் கம்பெனியை ஸ்தாபித்தது முதல் இராஜபாளையம் ஆலை நகரமாக வளர்ந்தது. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் மருத்துவத்திற்கான பாண்டேஜ் துணியை நெய்கின்றன. இவையனைத்தும் மின்சாரத்தை நம்பியே நடைபெறுகின்றன. ஆயினும், வீடுகளிலும் சிறு பட்டறைகளிலும் கம்பி இழுப்பவர் யார்? பல இடங்களில், படிப்பைப் பாதியில் விட்டு, மூத்த வயர்மேன் ஒருவரின் பின்னே ஏணி சுமந்து சென்ற பிள்ளையே. அவன் கை தேர்ந்த கைதான். ஆனால் எர்த் கம்பி ஏன் வேண்டும், பியூஸ் போன இடத்தில் தடித்த கம்பியைக் கட்டுவது ஏன் ஆபத்து, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சாதனம் எவ்வாறு உயிரைக் காக்கிறது என்பவற்றை அவனுக்கு எடுத்துரைத்தவர் இல்லை. அந்த அறியாமைக்கு முதலில் பலியாகிறவன் அவனே. அடுத்து, அவனை நம்பிய குடும்பம்.

இத்தொழிலில் முறைப்படி நுழைய இரண்டு வாசல்கள் உள்ளன. ஒன்று, 1950-ல் இந்திய சர்க்கார் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டம். அக்காலத்தில் சென்னை ராஜ்ய சர்க்காரின் தலைவராயிருந்தவர் இராஜபாளையத்தைச் சேர்ந்த ஸ்ரீ பி.எஸ். குமாரசுவாமி ராஜா என்பதை இவ்வூரார் நினைவுகூரலாம். பத்தாம் வகுப்புத் தேறியவர் ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் பயின்று எலெக்ட்ரீஷியன் சான்றிதழ் பெறலாம். மற்றொன்று, கைப்பழக்கத்தால் கற்றோருக்கானது. வயரிங் வேலையில் ஐந்து வருஷ அனுபவமும் 21 வயதும் நிரம்பியவர், தமிழக சர்க்கார் நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தேர்வை எழுதலாம். இந்த இரண்டாம் வாசலைப் பற்றி ஏணி சுமக்கும் பிள்ளைகளிடம் சொல்வார் இல்லை என்பதே நமது விசனம்.

முதல் வாசலிலும் குறை உண்டு. சான்றிதழ் பெற்ற வாலிபன் ஓடும் மோட்டாரைத் தொட்டுப் பழகாவிடில் அவன் கல்வி ஏட்டளவில் நின்றுவிடும். 2022-ல் தமிழக சர்க்கார் டாடா டெக்னாலஜீஸ் கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, 71 அரசு ஐ.டி.ஐ.களை நவீனப்படுத்த முற்பட்டது. அது வரவேற்கத்தக்கதே. எனினும் பட்டறையில் கற்றதை ஆலையில் பழக வேண்டுமன்றோ? அதற்காகவே 1961-ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டம் இருக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 30 பேரோ அதற்கு மேற்பட்டோரோ உள்ள ஸ்தாபனங்கள் தம் ஆட்களின் தொகையில் குறைந்தது நூற்றுக்கு இரண்டரை வீதம் அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும். 15 வீதம் வரை எடுக்கலாம்.

'பழக்கிவிட்டால் பையன் திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுகிறான்' என்று சில முதலாளிகள் முறையிடக்கூடும். தக்க ஊதியம் கிடைக்கும் இடத்தை விட்டு யாரும் வீணே ஊரைத் துறப்பதில்லை. மேலும், தேர்ச்சியற்ற கையால் ஒரு மோட்டார் எரிந்து வேலை நின்றுபோனால் உண்டாகும் நஷ்டத்தையும் அவர்கள் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

ஆகவே நாம் கோருவது இதுவே. ஆலை நிர்வாகிகள் அப்ரண்டிஸ் இடங்களைப் பெயரளவில் நிரப்பாமல், அவற்றில் எலெக்ட்ரீஷியன்களுக்கு உரிய பங்கை அளிக்க வேண்டும். காண்டிராக்டர்கள் தம்மிடம் உழைத்த பிள்ளைகளுக்கு அனுபவச் சான்றை எழுத்தில் தர வேண்டும். தேர்வு அறிவிப்பு வந்ததும் ஊர்ப் பொதுஜன ஊழியர் அதைத் தெருத்தெருவாய்க் கொண்டு செல்ல வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. இருக்கும் வாசல்களைத் திறந்து வைத்தால் போதும். உள்ளே வர நமது வாலிபர் ஆயத்தமாகவே இருக்கிறார்கள்.