எத்தனை குஞ்சு என்பது மட்டும் கணக்கல்ல

இலங்கையின் கொக்கிளாய்க் களப்பில் மாரி வந்தால் ஆற்றுநீர் நிறையும், கோடையில் உப்பு ஏறும். அங்கே வளரும் இறாலும் மீனும் குஞ்சிலிருந்தே இந்த மாற்றத்துக்குள் தேறியவை.

வன்னிக் குளங்களில் நிலைமை வேறு. திலாப்பியாவும் கெண்டையும் குஞ்சு பொரிப்பகத்திலிருந்து வந்து விடப்படுகின்றன. எத்தனை இலட்சம் என்பது செய்தியாகிறது. அவை முதல் வாரங்களை எந்த நீரில், எந்தச் சூட்டில் கழித்தன என்பது செய்தியாவதில்லை. ஆகவேண்டும். ஏன்?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இரண்டு ஆறுகளின் கோஹோ சால்மன் மீன்களை ஆராய்ந்த முடிவு 2017இல் வெளியானது. பொரிப்பகக் குஞ்சுக்கும் ஆற்றுக் குஞ்சுக்கும் மரபணு எழுத்தில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. ஆனால் டிஎன்ஏயின் மேல் ஒட்டி, மரபணுக்கள் இயங்குவதையும் அடங்குவதையும் பாதிக்கும் மெத்தில் குறிகள் மாறியிருந்தன. இரண்டு ஆறுகளின் பொரிப்பக மீன்களிலும் ஒரே போக்கில் மாறியிருந்தன! உடலின் உப்புச் சமநிலை, நோயெதிர்ப்பு, நீந்தும் ஆற்றல் ஆகியவற்றோடு தொடர்புள்ள மரபணுக்கள் அவை. உப்பு ஏறி இறங்கும் களப்பில் ஒரு குஞ்சு பிழைக்கத் தேவையானவையும் இவைதானே.

கடலுக்குப் போனால் அந்தக் குறி அழிந்துவிடாதா? கடலில் வளர்ந்து ஆற்றுக்குத் திரும்பிய பொரிப்பக ஆண் சால்மனின் விந்தணுவிலும் அந்த மாற்றங்கள் எஞ்சியிருந்ததை 2021 ஆய்வு காட்டியது. பாலூட்டிகளின் கருவில் இத்தகைய குறிகள் பெரும்பாலும் அழிக்கப்படுகின்றன. வரிக்குதிரை மீனின் கருவோ தகப்பனின் குறியமைப்பைக் காத்துக்கொள்கிறது என்பது 2013இலேயே தெரிந்தது. ஆகவே மீன்களில் தொட்டியின் தடம் பிள்ளைக்கும் போக வழி திறந்திருக்கிறது.

சூடும் அப்படித்தான். ஐரோப்பியக் கடல் கொடுவாவின் குஞ்சுகளைத் தொடக்க வாரங்களில் வெப்பநீரில் வளர்த்தால் ஆண்கள் பெருகுகின்றன. பெண்மைக்குத் தேவையான ஒரு மரபணுவின் மேல் மெத்தில் கூடுவதை 2011இல் கண்டார்கள்.

அமெரிக்காவின் ஹூட் ஆற்று ஸ்டீல்ஹெட் மீன்கள், பொரிப்பகத்தில் கழித்த ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆற்றில் இனம் பெருக்கும் திறனில் சுமார் 40 வீதத்தை இழந்தன என்று 2007இல் கணக்கிட்டார்கள். அதற்கு இந்த மெத்தில் குறிகள் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. எச்சரிக்கைக்கு அது போதும்.

பொரிப்பகம் வேண்டாம் என்பதல்ல வாதம். குளத்து மீனவருக்குக் குஞ்சு வேண்டும். ஆனால் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை, தாய்மீன் எங்கே பிடிக்கப்பட்டது, எத்தனை தலைமுறை தொட்டியில் கழிந்தது, நீரின் சூடும் உப்பும் எவ்வளவு என்ற பதிவோடு குஞ்சுகளைக் கொடுக்க வேண்டும். கொக்கிளாய் போன்ற களப்பில் விடுவதானால், தாய்மீனை அந்தக் களப்பிலேயே பிடித்து, விடுமுன் குஞ்சைக் களப்பு நீரில் பழக்க வேண்டும். அந்தப் பதிவேட்டைக் கேட்டு வாங்கும் உரிமை மீனவர் சங்கங்களுக்கு இருக்க வேண்டும்.