புதுக் காருக்கு மறு பெயிண்ட்! டாக்டர் போட்ட வழக்கு

அமெரிக்காவில் அலபாமா மாநில டாக்டர் ஒருவர் 1990-ல் 40 ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து புத்தம்புது பி.எம்.டபிள்யூ. கார் வாங்கினார். ஒன்பது மாதம் ஓட்டிய பிறகு, வண்டிக்கு மெருகு போட்ட கடைக்காரர் மூலம் குட்டு வெளிப்பட்டது. அது மறுபடி பெயிண்ட் அடித்த வண்டி!

டாக்டர் கோர்ட்டு படி ஏறினார். பெயிண்ட் செலவு 601 டாலர். ரிப்பேர் செலவு விலையில் 3 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் வாய் திறப்பதில்லையாம், அதுதான் அப்போது கம்பெனி வழக்கமாக இருந்தது. ஜூரிகள் 40 லட்சம் டாலர் அபராதம் தீட்டினர். அலபாமா சுப்ரீம் கோர்ட்டு அதை 20 லட்சமாகக் குறைத்தது. அதுவும் ரொம்ப அதிகம் என்று 1996-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு கூறியது. கடைசியில் 50 ஆயிரம் டாலராக இறங்கியது.

அபராதம் கூடவோ குறையவோ இருக்கட்டும். புதுசுக்கு உண்டான காசை எண்ணி வாங்கிவிட்டு, மறு பெயிண்ட் கதையை மூடி மறைத்தது என்ன நியாயம்? முன்பே சொல்லியிருந்தால் 'வேண்டாம்' என்றிருப்பார், இல்லை விலையைக் குறைக்கச் சொல்லியிருப்பார்.

நம்ம ஊரில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற அவசரத்தில் யார் கீறலைப் பார்க்கிறார்கள்? ரிஜிஸ்டர் ஆகும் முன்பே, பட்டப்பகல் வெளிச்சத்தில் வண்டியைச் சுற்றி வாங்க. கதவு ஒரு நிறம், பானெட் ஒரு நிறமா? போட்டோ எடுங்க. 'பாலிஷ் போட்டால் போயிடும் சார்' என்றால், அதை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க. அதுவரை டெலிவரி சீட்டில் கையெழுத்துப் போடாதீங்க.