உபகாரச் சம்பளத்துக்குப் பஞ்சப்படி கிடையாதா?

விடியுமுன் சோழபுரம் பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்கள் யார்? இராஜபாளையம் மில்லுக்கு முதல் ஷிப்ட் போகும் தொழிலாளி. நடவுக்கும் களையெடுப்புக்கும் வெளியூர் போகும் விவசாயத் தொழிலாளிப் பெண்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள். பஸ் வராவிட்டால் அன்றைய கூலியில் மண் விழும். கார் உள்ளவனுக்குச் சாலை போதும். நமக்குப் பஸ் வேண்டும்.

எந்த ஊருக்கு எத்தனை பஸ், எந்த நேரத்தில், எந்த வழியில், என்ன கட்டணத்தில் என்று கணக்கிடுவது ஒரு சாஸ்திரம். போக்குவரத்துப் பொறியியல் என்பார்கள். கிண்டி பொறியியல் கல்லூரியிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் இதில் மேற்படிப்பும் ஆராய்ச்சியும் நடக்கின்றன. அங்கே போய்ச் சேர நம் வீட்டுப் பிள்ளைக்கு வழி உண்டா என்பதே கேள்வி.

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் பட்டப்படிப்பில் 7.5 சதவிகித இடமும், கல்விக் கட்டணமும் 2021 முதல் கிடைக்கின்றன. நல்ல காரியம். ஆனால் அந்தக் கை பட்டப்படிப்போடு நின்றுவிடுகிறது. மேலே படிப்பவருக்கு மத்திய சர்க்கார் தரும் உபகாரச் சம்பளம் மாதம் 12,400 ரூபாய். அதுவும் 'கேட்' தேர்வில் தகுதி பெற்றவருக்கு மட்டும், 24 மாதங்களுக்கு மட்டும். தகுதி பெறாதவர் கடன் வாங்கிப் படிக்க வேண்டும். இல்லையேல் ஊர் திரும்ப வேண்டும்.

இந்த 12,400 ரூபாய் 2014-இல் நிர்ணயிக்கப்பட்டது. அதன்பின் பத்தாண்டு ஓடியும் அதே தொகைதான். நாளொன்றுக்குக் கணக்கிட்டால் 413 ரூபாய். அதற்குள் சாப்பாடு, தங்கும் செலவு, புத்தகம், ஊருக்குப் போய்வரும் செலவு!

விலைவாசிப் புள்ளி ஏறினால் பஞ்சப்படி ஏற வேண்டும் என்ற நியாயத்தை மில் தொழிலாளி யாரிடமும் படிக்க வேண்டியதில்லை. போராடிப் பெற்ற உரிமை அது. அரிசி விலை மில் தொழிலாளிக்கு ஒன்று, படிக்கும் பிள்ளைக்கு வேறா?

"எங்கள் கூலியே போதவில்லை, எம்.இ. படிப்பவனுக்கு ஏன் பணம்?" என்று ஒரு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இந்த உபகாரச் சம்பளம் கைச்செலவு. கூலிக்காரர் பிள்ளைக்கோ அதுதான் சோறு. அந்தச் சோறு இல்லையென்றால் இந்தப் படிப்பு காசுள்ளவன் கையில் போகும். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு நடந்து வந்தவன் இடும் கணக்கும், கார் ஜன்னல் வழியே ஊரைப் பார்த்தவன் இடும் கணக்கும் ஒன்றாக இருக்குமா?

இதை நம் தொழிலாளர்கள் முன்பே உணர்ந்து நடந்திருக்கிறார்கள். தமிழகத்துப் போக்குவரத்துக் கழகத் தொழிலாளர் தங்கள் சம்பளத்திலிருந்து கொடுத்த பணத்தைக் கொண்டு, 1984-இல் ஈரோட்டில் சாலைப் போக்குவரத்துத் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. டிரைவர், கண்டக்டர் பிள்ளைகள் அங்கே படித்து என்ஜினீயர் ஆனார்கள். காக்கிச் சட்டைத் தொழிலாளி தன் கூலியில் கல்லூரி கட்டினான். கோடிக்கணக்கில் வரி வாங்கும் சர்க்காருக்கு மாணவனின் சோற்றுக்குப் பணமில்லையா?

கேட்காமல் எதுவும் கிடைக்காது என்பதற்கும் சான்று உண்டு. 2015 அக்டோபரில், 'நெட்' தேர்வு எழுதாத ஆராய்ச்சி மாணவர்களுக்கான உதவித் தொகையை நிறுத்தப் பல்கலைக்கழக மானியக் குழு முடிவு செய்தது. மாணவர்கள் டெல்லியில் அந்த அலுவலக வாசலிலேயே முகாமிட்டார்கள், தொகை தொடர்ந்தது. 2019 ஜனவரியில் இளநிலை ஆராய்ச்சியாளர் தொகை 25,000-லிருந்து 31,000 ஆனதும், 2023-இல் 37,000 ஆனதும், தெருவில் இறங்கி எழுப்பிய குரலுக்குப் பிறகே. எம்.இ. மாணவருக்கு அப்படி ஓங்கிய குரல் இன்னும் எழவில்லை.

நாம் கோருவது இவை: மேற்படிப்பு உபகாரச் சம்பளத்தை உயர்த்தி, விலைவாசிப் புள்ளியோடு இணைக்க வேண்டும். மாதந்தோறும் தவறாமல் வழங்க வேண்டும். அரசுக் கல்லூரிகளில் 'கேட்' தகுதி பெறாத ஏழை மாணவருக்கு மாநில சர்க்கார் தன் நிதியிலிருந்து தர வேண்டும். கிராமப் பஸ் போக்குவரத்தை ஆராய்பவருக்குப் போக்குவரத்துக் கழகங்கள் தனி உதவி அளிக்க வேண்டும்.

இது மாணவர் சங்கத்தின் கோரிக்கை மட்டுமல்ல. மில் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் தங்கள் தீர்மானங்களில் இதையும் சேர்க்கட்டும். சோழபுரம் நிறுத்தத்தில் நிற்கும் பிள்ளை ஒருநாள் நம் பஸ்ஸுக்கு வழி வகுக்கட்டும்!