பிஎஸ் 5-ஆ, கம்ப்யூட்டரா? ஆச்சியிடம் வந்த பஞ்சாயத்து



டீச்சர் இன்று வீடியோ கேம் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் சம்பந்தப்பட்ட விஷயம். அதுவும் என் பென்ஷன் பணம்.

மகன் வீட்டுப் பேரன் கோவையிலிருந்து மே விடுமுறைக்கு வந்தான். பையில் துணிமணி கொஞ்சம், பிஎஸ் 5 பெட்டி பெரிசு. மகள் வீட்டுப் பேரன் இங்கே பாளையங்கோட்டையிலேயே இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். அவனிடம் கேமிங் கம்ப்யூட்டர். இரண்டு நாள் மச்சான், மச்சான் என்று ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். மூன்றாம் நாள் பேச்சு நின்றுபோனது. "உன் டப்பா முப்பது எஃப்பிஎஸ்தான் ஓடுது" என்று இவன் சொல்ல, "உன் கம்ப்யூட்டர் திக்கித் திக்கிப் பேசுது" என்று அவன் சொல்ல, இருவரும் ஆளுக்கொரு திண்ணையில்.

இதற்குள் இன்னொரு சிக்கல். பிளஸ் டூ முடித்தால் பரிசு தருவதாக மகள் வீட்டுப் பேரனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவன் கேட்டது புது கிராபிக்ஸ் கார்டு, ஆர்டிஎக்ஸ் 5070. மருமகன் என்னைத் தனியே கூப்பிட்டு, "அத்தை, நீங்களே பார்த்துச் சொல்லுங்க. நான் வேண்டாம்னு சொன்னா கஞ்சன்னு சொல்லுவான்" என்றார். சரி, படித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். இரண்டு வாரம் போனது.

பையன்கள் முதலில் எடுத்த ஆயுதம் டெராஃப்ளாப். ஒரு டெராஃப்ளாப் என்றால் நொடிக்கு ஒரு லட்சம் கோடி தசமக் கணக்கு. பிஎஸ் 5-க்கு 10.28. கம்ப்யூட்டர் பேரனின் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு 12.7. "பார்த்தீங்களா ஆச்சி, நான்தான் பெரியவன்" என்றான். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே கம்பெனியின் இரண்டு கார்டுகளை எடுத்துப் பார்த்தேன். ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ-க்கு 13.4 டெராஃப்ளாப். 2020-ல் வந்த 3070-க்கு 20.3. எண்ணைப் பார்த்தால் புதியது ஒன்றரை மடங்கு. விளையாட்டில் ஓடவிட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகம். காரணம், முன்பு முழு எண் கணக்கு மட்டும் போட்ட பகுதியைப் புதிய கார்டில் தசமக் கணக்கும் போடும்படி மாற்றினார்கள். அதனால் உச்ச எண் எகிறியது. விளையாட்டுக்கு இரண்டு விதக் கணக்கும் வேண்டும் என்பதால் அந்தப் பகுதி பாதி நேரம் பழைய வேலைக்கே போய்விடுகிறது. வினாத்தாள் மாறிய வருடத்து மார்க்கையும் அதற்கு முந்தைய வருடத்து மார்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பது போலத்தான் இது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸுக்கு 12 டெராஃப்ளாப், பிஎஸ் 5-ஐ விட அதிகம். இரண்டும் 2020 நவம்பரில் வந்தன. அப்போது அசாசின்ஸ் க்ரீட் வல்ஹால்லா என்ற விளையாட்டு எண் குறைந்த பிஎஸ் 5-ல்தான் தடங்கலில்லாமல் ஓடியது.

ஆக, டெராஃப்ளாப் சண்டைக்கு முதல் நாளே பூட்டுப் போட்டேன்.

அடுத்தது எஃப்பிஎஸ். நொடிக்கு எத்தனை படம் திரையில் மாறுகிறது என்பது. முப்பது என்றால் ஒரு படத்துக்கு 33 மில்லி நொடி, அறுபது என்றால் பதினாறே முக்கால். இது டெராஃப்ளாப்பை விட நல்ல அளவுகோல், ஏனென்றால் கண்ணுக்கு முன்னால் நடப்பதை எண்ணுகிறது. ஆனால் இவர்கள் சொல்லும் எண் சராசரி. சராசரி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ஒரு பழைய விஷயம் நெஞ்சில் குத்தும்.

ஆண்டைச் சொல்லவில்லை, அந்த வகுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். எட்டாம் வகுப்பில் இரண்டு பிரிவு. கணக்கில் என் பிரிவுச் சராசரி 64, பக்கத்துப் பிரிவு 61. ஆசிரியர் கூட்டத்தில் எனக்குப் பாராட்டு. வகுப்புக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். பக்கத்துப் பிரிவில் நாற்பத்தைந்துக்குக் கீழே ஒரு பிள்ளை இல்லை. என் பிரிவில் முப்பத்தைந்துக்குக் கீழே ஐந்து பேர். நூறு வாங்கிய நாலைந்து பிள்ளைகள் அந்த ஐந்து பேரையும் எனக்கே தெரியாமல் மறைத்துவிட்டார்கள். மிட்டாயை அவர்களும்தான் கையில் வாங்கினார்கள். அடுத்த ஜூனில் அதில் ஒருவன் பள்ளிக்கு வரவில்லை. நான் போய் விசாரித்தபோது கேரளாவுக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதனால் "ஆவரேஜ் எண்பத்தஞ்சு ஆச்சி" என்று பேரன் சொன்னதும், "கடைசி பெஞ்சு எவ்வளவுடா?" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. கம்ப்யூட்டர் உலகத்தில் இதை 2011-லேயே கேட்டிருக்கிறார்கள். டெக் ரிப்போர்ட் என்ற இதழ், நொடிக்கு எத்தனை படம் என்று மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு படமும் வர எவ்வளவு நேரம் எடுத்தது என்று தனித்தனியே அளந்து காட்டியது. ஒரு நொடியின் முதல் பாதியில் 59 படம் வந்துவிட்டு, மீதி அரை நொடி ஒரே படம் உறைந்து நின்றாலும் எண்ணிக்கை 60 தான். அந்த அரை நொடியில் கார் சுவரில் மோதியிருக்கும். இப்போது நல்ல ஒப்பீடுகளில் சராசரிக்குப் பக்கத்திலேயே மிக மோசமான ஒரு சதவீதத்தையும் போடுகிறார்கள். வாங்குகிறவர்கள் அந்த இரண்டாவது எண்ணை முதலில் படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

கம்ப்யூட்டரில் இதை அளக்க இலவச மென்பொருள் இருக்கிறது. பிஎஸ் 5-ல் அப்படி எதையும் நாம் போட முடியாது. இங்கிலாந்தின் டிஜிட்டல் ஃபவுண்டரி என்ற குழுவினர் எப்படிச் செய்கிறார்கள் என்று படித்தபோது எனக்கு ஒரே சந்தோஷம். திரைக்குப் போகும் படத்தைப் பதிவு செய்து, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் மாற்றம் இருக்கிறதா என்று பார்த்து எண்ணுகிறார்கள். 4கே என்று விளம்பரம் சொல்வது உண்மையா என்று அறிய, சாய்ந்த கோட்டின் ஓரத்தில் உள்ள படிக்கட்டுகளை எண்ணுகிறார்கள். வரைபடத் தாளில் சாய்கோடு போட்டுக் கட்டங்களை எண்ணச் சொன்னேனே, அதே வேலை!

நாமும் எண்ணுவோம் என்றேன். இரண்டு பேரையும் மகள் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். பிஎஸ் 5-ஐயும் தூக்கி வரச் சொன்னேன். ஒரே மானிட்டரில் இரண்டையும் மாற்றி மாற்றி இணைத்தோம். விளையாட்டு ஃபோர்ஸா ஹொரைசன் 5, மெக்சிகோவில் கார் ஓட்டுவது. மைக்ரோசாஃப்டின் சொந்தச் சரக்கு, 2025 ஏப்ரலில் போட்டியாளரின் பிஎஸ் 5-க்கும் வந்துவிட்டது. (வியாபாரிகள் சமாதானமாகிவிட்டார்கள், வாங்கினவர்கள்தான் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.) துப்பாக்கி இல்லாத விளையாட்டு என்பது என் நிபந்தனை. ஒரே சாலை, ஒரே கார், ஒரே மழை. மருமகனின் செல்போனில் நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷன் வைத்துத் திரையைப் பிடித்தோம். பிறகு ஒவ்வொரு படமாக நகர்த்தி, பென்சிலால் நோட்டில் கோடு போட்டு எண்ணினோம். ஒருவன் நகர்த்த, ஒருவன் கோடு போட. பேசாமல் இந்த வேலை நடக்காது.

முதல் கண்டுபிடிப்பு, பிஎஸ் 5 குவாலிட்டி மோடில் இருந்தது. எட்டு போன் படத்துக்கு ஒருமுறைதான் திரை மாறியது. 240-ஐ எட்டால் வகுத்தால் முப்பது. பெர்ஃபார்மன்ஸ் மோடுக்கு மாற்றியதும் நாலுக்கு ஒருமுறை மாறியது, அறுபது. கோவைக்காரன் வாங்கியதிலிருந்து அந்த அமைப்பைத் திறந்ததே இல்லையாம். "முப்பது டப்பா" என்ற வசவு ஒரு பொத்தானில் தீர்ந்தது. எனவே யாராவது கன்சோலில் இவ்வளவு ஓடுகிறது என்று சொன்னால், எந்த மோடில் என்று கேளுங்கள்.

கம்ப்யூட்டரில் பெரும்பாலும் இரண்டு, மூன்று போன் படத்துக்கு ஒரு மாற்றம். அவன் சொன்ன எண்பத்தைந்து பொய்யில்லை. ஆனால் ஊருக்குள் கார் நுழையும் இடத்தில் 26 போன் படம் வரை திரை அசையவே இல்லை. பத்தில் ஒரு நொடிக்கு மேல். அதே நேரத்தில் பிஎஸ் 5 ஆறு படம் காட்டியிருக்கும். மூன்று இடத்தில் இப்படி நின்றது. கடைசி பெஞ்சு கிடைத்துவிட்டது.

இங்கே கம்ப்யூட்டர் கட்சியினர் கோபப்பட வேண்டாம். கன்சோல் என்றாலே ஒழுங்கு என்றும் சொல்ல முடியாது. சைபர்பங்க் 2077 வந்தபோது பழைய பிஎஸ் 4-ல் ஓடிய லட்சணத்தைப் பார்த்து, சோனி 2020 டிசம்பரில் தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. பேட்மேன் ஆர்க்கம் நைட் 2015-ல் நேர்மாறு, கன்சோலில் நன்றாக ஓடியது, கம்ப்யூட்டரில் விற்பனையை நிறுத்தும் அளவுக்கு மோசம். ஒவ்வொரு விளையாட்டையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இனி அந்த 5070 விஷயம். "இது பழைய 4090-க்குச் சமம் ஆச்சி, கம்பெனித் தலைவரே சொன்னார்" என்றான். சொன்னது உண்மை. 2025 ஜனவரியில் அமெரிக்க மேடையில், 549 டாலர் கார்டு 4090-க்கு ஈடு என்று அறிவித்தார்கள். ஆனால் அது கார்டு வரையும் ஒவ்வொரு படத்துக்கும் இடையில் செயற்கை நுண்ணறிவு மூன்று படம் வரை தானே இட்டு நிரப்புவதையும் சேர்த்து எண்ணிய கணக்கு. இட்டு நிரப்பிய படம் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும், அதை நான் மோசடி என்று சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் பொத்தானை அழுத்தியதற்கு அந்தப் படம் பதில் சொல்லாது. சொந்தமாகப் போட்ட கணக்கையும் ஊகித்து நிரப்பிய விடையையும் ஒரே பட்டியலில் எண்ணி மார்க் போட்டால், என் மாணவர்களே என்னை விடமாட்டார்கள்.

4கே பற்றியும் ஒரு வார்த்தை. முழு எச்டி படத்தில் 20 லட்சத்துச் சொச்சம் புள்ளி, 4கே-யில் அதுபோல் நான்கு மடங்கு. அத்தனையும் வரைய மெஷின் படும் பாடு அதிகம். எங்கள் கூடத்தில் 43 அங்குல டிவி, சோபா பத்தடி தள்ளி. நல்ல கண் பிரித்தறியும் சிறு கோணம் பாகையில் அறுபதில் ஒரு பங்கு. பத்தடியில் அது ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர். அந்த டிவியில் முழு எச்டி புள்ளியே அரை மில்லிமீட்டர்தான். கண்ணுக்கு எட்டாத நுணுக்கத்துக்காக அறுபதை முப்பதாக்குவது எனக்குச் சம்மதமில்லை. மேசைக்குப் பக்கத்தில் மானிட்டர் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு.

எது வாங்கலாம் என்று கேட்பீர்கள். விளையாட மட்டும் என்றால் கன்சோல், வாங்கி வைத்தால் வேலை முடிந்தது. ஆனால் அதில் ஒரு புது விளையாட்டுக்கே நல்ல விலை ஆகிறது, பெரும்பாலான விளையாட்டுகளை ஆன்லைனில் ஆடத் தனிச் சந்தாவும் உண்டு. பிள்ளை புரோகிராம் எழுதுவான், படம் வரைவான், வீடியோ தொகுப்பான் என்றால் கம்ப்யூட்டர். ஏற்கெனவே ஒன்று வீட்டில் இருந்தால், புதிதாக வாங்குமுன் இருப்பதைத் திறந்து பாருங்கள்.

நாங்கள் திறந்தோம். என்னிடம் ஆறாம் வகுப்பு படித்து இப்போது கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தம்பியைக் கூப்பிட்டேன். மூடியைக் கழற்றியதும், "டீச்சர், கார்டு நல்ல கார்டுதான். எட்டு ஜிபி ரேம் ஒரே ஒரு குச்சி போட்டுக் கொடுத்திருக்காங்க. பக்கத்து இடம் காலி" என்றான். விற்றவர் யாரோ, முன்னால் தெரியும் எண்ணைப் பெரிதாக வைத்துவிட்டு, தெரியாத இடத்தில் மிச்சம் பிடித்திருக்கிறார். இன்னொரு எட்டு ஜிபி போட்டான். கார்டு விலையோடு பார்த்தால் சிறு தொகை. கூலி வாங்க மறுத்துவிட்டான், இரண்டு வடையும் காபியும் சாப்பிட்டான்.

மறுபடி அதே சாலை, அதே மழை, பென்சில். சராசரி 85-லிருந்து 91. பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஊருக்குள் நுழையும் இடத்தில் 26 படம் நின்றது இப்போது 7. மற்ற இரண்டு இடங்களைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. கோடு போட்டவன் கோவைக்காரன், மச்சானுக்காக அவன்தான் முதலில் கத்தினான்.

பாக்கிப் பணம் பீரோவில் இருக்கிறது. கல்லூரி சேர்ந்த பிறகு எதற்கு வேண்டும் என்று அவனே சொல்லட்டும். கார்டுதான் என்றால் கார்டுதான், வாக்குக் கொடுத்தாயிற்று.

உங்கள் வீட்டிலும் எண்ணிப் பார்த்தால் கமெண்டில் எழுதுங்கள். எந்த விளையாட்டு, எந்த மோட், எவ்வளவு நேரம் நின்றது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். வெறும் சராசரி எழுதினால் திருப்பி அனுப்புவேன்.