பிறக்கும் முன்னே ரேங்க் கார்டா?



போன மாசம் சித்திக்குத் துணையாக ஸ்கேன் எடுக்கப் போயிருந்தேன். உள்ளே நுழைந்ததுமே ஒரு போர்டு. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம், சொல்வது சட்டப்படி குற்றம் என்று பெரிய எழுத்தில் இருந்தது. நீங்களும் பார்த்திருப்பீங்க. எதுக்கு இந்த போர்டு என்று கேட்டேன். "பொண்ணுன்னு தெரிஞ்சா கலைச்சிடுவாங்கடி, அதான்" என்று சித்தி மெதுவாகச் சொன்னாங்க.

நம் மாநிலத்தில் சேலம், உசிலம்பட்டி பக்கம் பெண் குழந்தைகளைப் பிறந்ததும் கொன்றார்கள். அதனால்தான் 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. ஸ்கேன் வந்த பிறகு பிறக்கும் வரைக்கும்கூட காத்திருக்கத் தேவையில்லாமல் போச்சு. 1994-ல் சட்டம் போட்டார்கள். 2003-ல் அதைத் திருத்தி, ஆண் கருவாகப் பார்த்துப் பொறுக்கி வைப்பதையும் தடை செய்தார்கள். அப்படியும் 2011 கணக்கெடுப்பில், ஆறு வயது வரைக்கும் உள்ள 1000 ஆண் பிள்ளைகளுக்கு நம் மாநிலத்தில் 943 பெண் பிள்ளைகள்தான்.

இப்போ எதுக்கு இந்தப் பழைய கதை என்று கேட்பீங்க. எங்க அறிவியல் மிஸ் வகுப்பில் ஒரு செய்தி சொன்னாங்க. சோதனைக்குழாய் குழந்தை முறையில் நாலஞ்சு கருவை வெளியில் வளர்ப்பார்கள். ஐந்தாம் நாள் வாக்கில் ஒவ்வொன்றிலும் சில செல்களை எடுத்து மரபணுவைச் சோதிக்கலாம். அமெரிக்காவில் அதை வைத்து எந்தக் கரு அறிவாளியாகும் என்று மார்க் போடுகிறார்களாம். 100 கருவைச் சோதிக்க ஒரு கம்பெனி 50,000 டாலர் வரை கேட்டதாக 2024-ல் செய்தி வந்தது. நம்ம பணத்தில் 40 லட்சத்துக்கு மேலே!

அன்றைக்கு என் தோழி ஒருத்தி, "இதுல என்னடி தப்பு? காசு இருக்கிறவங்க டியூஷன் வைக்கிறாங்க, அது மாதிரிதானே" என்றாள். எனக்கு அப்போ பதில் தெரியலை. இப்போ சொல்றேன். டியூஷன் பிறந்த பிள்ளைக்கு. மார்க் குறைந்த பிள்ளையும் கடைசி பெஞ்சிலாவது உட்காரலாம். இதில் மார்க் குறைந்தால் வகுப்புக்கே வர முடியாது.

நோய்க்குச் சோதிப்பது வேறு. அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் தலசீமியா மரபணு இருந்தால் நாலில் ஒரு பங்கு குழந்தைக்கு அந்த நோய் வரலாம். அது கடுமையாக வந்த பிள்ளைகள் வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டும். அதைத் தடுப்பதை நான் குறை சொல்லலை. நம் நாட்டு 2021 சட்டமும் மரபு நோய்க்கு மட்டும்தான் கருவைச் சோதிக்க விடுகிறது. ஆனால் மெதுவாகப் படிப்பது நோயா?

எங்க அக்கா பத்தாம் வகுப்பில் கணக்கில் ஃபெயில். "இதுக்கெல்லாம் படிப்பு ஏறாது" என்று எல்லார் முன்னாலும் சொன்னவங்க உண்டு. மறுபடி எழுதி பாஸ் பண்ணி, பிளஸ் டூ முடித்து, இப்போ ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் லைனில் நிற்கிறாள். நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போது நான் பள்ளிக்குக் கிளம்புவேன். என் நோட்டு, ஜியாமெட்ரி பாக்ஸ் எல்லாம் அவள் சம்பளம். எங்க ஆயாவுக்குக் கையெழுத்துகூட வராது. ஆனால் செம்பரம்பாக்கம் ஏரி மீனைக் கூடையில் வைத்து விற்கும்போது கிலோ, அரைக்கிலோ, பழைய பாக்கி எல்லாம் மனக்கணக்குதான். (ஏமாற்றப் பார்த்தால் திட்டும் விழும்.) இவங்க ரெண்டு பேருக்கும் அந்த கம்பெனி எத்தனை மார்க் போட்டிருக்கும்?

அந்த மார்க்கும் பெரிசு ஒண்ணும் இல்லை. 2019-ல் இஸ்ரேல் விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பத்துக் கருவில் சிறந்ததைப் பொறுக்கினாலும் சராசரியாக 2.5 ஐக்யூ புள்ளிதான் கூடுமாம். ஆனால் அயோடின் ரொம்பக் குறைந்த ஊர்களில் பிள்ளைகளுக்கு 10 புள்ளிக்கு மேல் குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதைத் தடுக்க 40 லட்சம் வேண்டாம், அயோடின் உப்பு போதும். மூன்றாவது படிக்கிற என் தம்பி காலையில் பள்ளியில் கிடைக்கிற உப்புமாவைச் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் முதல் பீரியடில் தூங்காமல் இருக்கிறான். அவனுடைய மரபணு மாறலையே!

நேற்று அம்மாவிடம் கேட்டேன். "ஐந்து கருவுக்கு மார்க் போட்டு ஒரு பேப்பர் குடுத்தா நீ எதைம்மா எடுப்பே?" அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாங்க. "நீ எத்தனாவதா இருப்பே?" என்று திருப்பிக் கேட்டாங்க. ஆறாம் வகுப்பு காலாண்டில் கணக்கில் 31 வாங்கியது ஞாபகம் வந்து நான் பேசாமல் இருந்துட்டேன்.

என் தோழி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் பதில் எழுதித் தந்தால் அடுத்த தாளில் ஒட்டுவோம். மற்றவர்களும் எழுதலாம்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி